விபூதி போட்டுத் துடைத்த கார்

மாமா,

துப்பட்டாவை இரண்டு முறை அலசிப் போட்டும் அந்தப் பாலிஷ் வாடை போகவில்லை. பழுத்த வாழைப்பழத்தையும் மண்ணெண்ணெயையும் சேர்த்துப் பிசைந்த மாதிரி ஒரு வாடை. உங்களுக்குப் பிடித்திருக்கும். பெட்ரோல் பங்கில் நின்றால் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு நெஞ்சு நிறைய மூச்சிழுக்கிற ஆள் நீங்கள். எனக்குத் தலைவலிதான் வருகிறது. அது கொடியில் காய்கிற பக்கம் போகாமலேயே காலையிலிருந்து வேலை பார்த்தேன். நம் பால்கனி இருப்பதே நாலடி. எத்தனை நேரம்தான் ஒதுங்கி ஒதுங்கி நடப்பது? துணி மடிப்பதைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று உங்கள் காரை விற்றாயிற்று.

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் அது உறை போட்டபடி கீழேயே நின்றது. மாடி வீட்டுக்காரர்களின் பைக்குகள் நாலாபுறமும் நெருக்கிக்கொண்டு நிற்க, அதன் பக்கத்தில் ஒரு ஆள் நுழைய இடம் கிடையாது. போன வாரம் உங்கள் பிள்ளை, "வைட்ஃபீல்ட்லேர்ந்து ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வண்டி பார்க்க வரார். நீ ஒரு லைட் பாலிஷ் வாங்கிப் போட்டு வை. பானெட்ல இருக்கிற அந்தச் சின்னச் சின்ன வட்டக் கோடு மறைஞ்சா போதும்" என்றார். காலையில் ஆபீஸ் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்பி வருகிறார், அவரும் என்ன செய்வார்? இந்த வீட்டில் கடை கண்ணிக்குப் போவது, கேஸ்காரனோடு சண்டை போடுவது, கார் பாலிஷ் வாங்குவது எல்லாம் என் தலையில்தான். சரி என்றேன்.

ஜே.சி. ரோட்டில் ஒரு பாய் கடைக்குப் போனேன். "என்ன கலர் வண்டிம்மா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கருநீலம் என்றேன். "அய்யய்யோ. வெள்ளை வண்டின்னா எல்லாத்தையும் முழுங்கிடும். டார்க் கலர் எதையும் ஒளிச்சு வெக்காதும்மா" என்றார். கோட்டின் மேல் நகத்தை ஓட்டினால் நகம் சிக்குகிறதா என்று கேட்டார். சிக்கவில்லை, வெயிலில் பார்த்தால்தான் தெரிகிறது என்றேன். மூன்று டப்பாவை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து என் விரலில் விட்டுத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். முதலாவது பல்பொடி மாதிரி நறநறவென்றிருந்தது. "இது பெயிண்டையே சீவும். தெரிஞ்சவன் மெஷின் வெச்சுப் போடணும். நீங்க தொடாதீங்க." இரண்டாவது மாவு மாதிரி. "இது கொஞ்சம் சீவும், கோட்டை நிஜமாவே எடுக்கும். ஆனா கை வலிக்கும், பொறுமை வேணும்." மூன்றாவது வெண்ணெய். "இது ஹல்கா, ரொம்ப லைட். சீவவே சீவாது. கோட்டுக்குள்ள போய் உக்காந்து மூடிக்கும். பார்க்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"எத்தனை நாளைக்கு?"

"நாலு வாட்டி நல்லா தண்ணி ஊத்திக் கழுவினா கோடு திரும்ப எட்டிப் பார்க்கும். வெச்சுக்கிற வண்டின்னா நடுவுல இருக்கிறதை எடுங்க. விக்கிற வண்டின்னா ஹல்காவே போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு எதுக்கு அதெல்லாம், டப்பாவைக் கொடுங்க" என்று வெண்ணெய் டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. மறைத்தால் போதும் என்றுதான் போனேன். மறைக்கிற வேலையில் எனக்குத்தான் மூன்று வருடப் பழக்கம் ஆயிற்றே.

அந்த ஆயுத பூஜை உங்களுக்கு மறந்திருக்காது.

முதல் நாள் குத்துவிளக்கையும் வெள்ளிக் குங்குமச் சிமிழையும் விபூதி போட்டுத் தேய்த்து வைத்தேன். கண்ணாடி மாதிரி வந்தன. நீங்கள் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்க மடிவாளா மார்க்கெட் பக்கம் ஆட்டோவில் போயிருந்தீர்கள். கீழே கார் நின்றது. போர்வெல் தண்ணீர் பட்டுப் பட்டு பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. வாரா வாரம் நீங்கள் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கு வேலை செய்கிற விபூதி காருக்குச் செய்யாதா என்று தோன்றிவிட்டது. தோன்றினால் சும்மா இருக்கிற ஜென்மமா நான்? மீதியிருந்த விபூதியை ஈரத்துணியில் தொட்டு, பானெட்டில் வட்ட வட்டமாக அரை மணி நேரம் தேய்த்தேன். புள்ளிகள் போயின. தண்ணீர் விட்டுத் துடைத்தபோது என் முகமே தெரிந்தது. மாமா வந்து பார்த்து அசந்து போவார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நீங்கள் வரும்போது இருட்டிவிட்டது, பார்க்கவில்லை.

மறுநாள் காலை வெயில் சரியாக பானெட்டில் விழுந்தது. சந்தனம் வைக்கக் குனிந்த கலா அண்ணிதான் முதலில் பார்த்தார். உங்கள் மகள் கத்தினால் ஹோசூர் ரோடு வரைக்கும் கேட்கும். "யாருப்பா இதைப் பண்ணது? பாத்திரம் தேய்க்கிற நாரை வெச்சுத் தேய்ச்ச மாதிரி இருக்கே!" பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியிருந்தது. ஆயிரம் வட்டம். அண்ணியின் வெள்ளைச் சுடிதாரை என் சிவப்புப் பாவாடையோடு மெஷினில் போட்டு ரோஸாக்கியிருந்தேன், அதற்கு முந்தின மாதம்தான். அதற்கு முன்னால் மிக்ஸியைப் புகைய விட்டிருந்தேன். "ஜோதி கை பட்டாச்சா, விளங்கின மாதிரிதான்" என்பது இந்த வீட்டில் சிரித்துக்கொண்டே சொல்கிற பேச்சு. சிரித்துக்கொண்டே சொல்வதால் அழவும் முடியாது. உங்கள் பிள்ளை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்போது நீங்கள் சொன்னீர்கள், "நான்தாம்மா. நேத்து துணியை உதறாம துடைச்சுட்டேன் போல. கண்ணு இப்பல்லாம் சரியா தெரியல."

கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தீர்கள், டயருக்கு அடியில் வைக்க. என்னைப் பார்க்கவே இல்லை. என் விரல் இடுக்கில் முதல் நாள் விபூதி இன்னும் வெள்ளையாக இருந்ததை நீங்கள் கண்டுவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஃபாக்டரியில் முப்பது வருடம் தரச் சோதனையில் இருந்த மனிதர் நீங்கள். தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மயிரிழைக் கோட்டைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவர். அந்த வாயால் கண் தெரியவில்லை என்று சொன்னீர்கள், எனக்காக.

ஒரு ஏச்சோடு போய்விடும் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பீர்கள். அண்ணி பேச்சை வேறு பக்கம் கொண்டுபோனார். "கண்ணு தெரியலையா? இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா சில்க் போர்டு டிராஃபிக்ல வண்டி ஓட்டுறீங்க? டேய் செந்திலு, உனக்குத் தெரியுமாடா இது?" பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்தாயிற்று. பொரியும் சுண்டலும் கொடுத்தாயிற்று. சாமி படத்துக்கு முன்னால் தட்டில் குங்குமம் வைத்திருந்த கார்ச் சாவியை எடுக்க நீங்கள் கையை நீட்டினீர்கள். உங்கள் பிள்ளை முந்திக்கொண்டு எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கண் டாக்டரைப் பார்த்துட்டு அப்புறம் ஓட்டலாம்பா." நீட்டின கையை நீங்கள் அப்படியே திருப்பி, ஒரு பிடி பொரி எடுத்துக்கொண்டீர்கள்.

டாக்டர் புரை இப்போதுதான் ஆரம்பிக்கிறது, பகலில் ஓட்டலாம் என்றாராம். ஆனால் புரை என்ற வார்த்தை ஒன்று போதுமே அண்ணிக்கு. சாவி பீரோவுக்குள் போனது போனதுதான்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் விடிந்ததும் கிளம்பி, பன்னர்கட்டா ரோட்டில் பசவராஜு சாரை ஏற்றிக்கொண்டு லால்பாக் போய், நடந்து, இட்லி தின்று, ஃபாக்டரிக் கதை பேசிவிட்டு வெயில் ஏறும் முன் திரும்புவீர்கள். அதற்காகவே மற்ற ஐந்து நாளும் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். முழங்கால் வலியோடு இரண்டு மாடி இறங்கி, மெயின் ரோடு வரை நடந்து, ஆட்டோக்காரன் கேட்கிறதைக் கொடுத்துப் போக உங்களுக்கு முடியவில்லை. இரண்டு தடவை போனீர்கள். அப்புறம் பால்கனி நாற்காலிதான்.

பசவராஜு சார் ஒரு நாள் தேடிக்கொண்டு வந்தார். "ஏனு சார் இது? நீங்க ரிஜெக்ட் பண்ண பீஸ்ல இருக்கிற கோடு எங்க யாருக்குமே தெரியாது. உங்களுக்கா கண்ணு தெரியல?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். நீங்கள் சிரித்து, "வயசாயித்தல்லப்பா" என்று முடித்துவிட்டீர்கள். நான் சமையலறையில் கேஸ் லைட்டரைப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காபி கலந்து கொண்டுவந்து வைத்தேன்.

அவர் கிளம்பின பிறகு, "மாமா, நான் உங்க பிள்ளைகிட்ட சொல்லிடறேன்" என்றேன். நீங்கள் டம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

"வேணாம்மா. சொன்னா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு உன்னை அதையே சொல்லிக் காட்டுவாங்க. எனக்கென்ன, வீட்டுல உக்காந்து பேப்பர் படிக்கப் போறேன்."

நான் மறுபடி ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நீங்கள் வேண்டாம் என்றதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு இந்த வீட்டுக்குள் வந்தவள் நான். இந்த நாலு சுவரும், இவர்களின் பேச்சும்தான் எனக்கு உலகம். அதில் இன்னொரு கெட்ட பேர் வாங்க எனக்குத் தெம்பில்லை. அதனால் உங்கள் தலையில் அதை விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது மாமா.

அப்புறம் நாம் இரண்டு பேரும் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஏழு வரை இந்த வீட்டில் தனியாக இருந்தோம், இரண்டே முக்கால் வருடம். நீங்கள் பால்கனியில், நான் சமையலறையில். நடுவில் ஒரு சொல்லாத பேச்சு. அதை மிதிக்காமல் இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி நடந்தோம். நீங்கள் "உப்பு சரியா இருக்கும்மா" என்பீர்கள். நான் "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா மாமா" என்பேன். எத்தனை ரசம் ஊற்றியிருப்பேன்! எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்தது! நீங்கள் நல்லவராக இருந்ததில்தான் எனக்கு மூச்சு முட்டியது. ஒரே ஒரு நாள் என்னைத் திட்டியிருந்தால், "உன்னாலதானே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அழுது தீர்த்துவிட்டு ஓடிப்போய் உங்கள் பிள்ளையிடம் சொல்லியிருப்பேன். நீங்கள் அதற்கும் வழி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளை கீழே போய், பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று காரை ஸ்டார்ட் பண்ணி வைப்பார். பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடும். நீங்கள் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பீர்கள். "கிளட்ச்சை மிதிச்சு ரெண்டு தடவை கியர் போட்டு எடுடா, இறுகிடும்" என்று மேலேயிருந்து சொல்வீர்கள். அவர் சரி சரி என்று கையைக் காட்டிவிட்டுப் போனைப் பார்ப்பார். இன்ஜினை நிறுத்தினதும் நீங்கள் உள்ளே வந்து உட்காருவீர்கள். அந்த ஞாயிறுகளில் மட்டும் மத்தியானச் சாப்பாடு உங்களுக்கு இறங்காது. மழை வருமா என்று பார்க்கப் போகிற மாதிரி கீழே போய், உறையின் ஒரு மூலையைத் தூக்கி பானெட்டைத் தடவிவிட்டு வருவதையும் பார்த்திருக்கிறேன். தூக்கத்திலேயே நீங்கள் போன அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்தினம் கூடப் போய் வந்தீர்கள்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். பைக்குகளை எல்லாம் நகர்த்தச் சொல்லி, உறையை எடுத்து, ஷாம்பு தண்ணீரில் கழுவி, நிழலில் காய விட்டேன். பாய் சொன்ன மாதிரி ஒரு முழம் ஒரு முழமாகப் பிரித்துக்கொண்டேன். ஸ்பாஞ்சில் சுண்டைக்காய் அளவு எடுத்துத் தடவி, மங்கலானதும் மெத்தென்ற துணியால் ஒற்றித் துடைத்தேன். மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஒரு வட்டம் கூட இல்லை. பாதி பானெட் புதுக்கார் மாதிரி, மீதிப் பாதியில் என் விபூதி வட்டங்கள்.

பத்து நிமிடம், மாமா. பத்தே நிமிடம்தான் ஆனது. இந்தக் கோட்டுக்கா? இந்தப் பத்து நிமிடக் கோட்டுக்கா உங்களை வீட்டில் உட்கார வைத்தோம்? அன்றைக்கே யாராவது ஒருத்தர் ஜே.சி. ரோடு போய் இதை வாங்கிவந்திருந்தால்? நான் போயிருக்கலாமே. இப்போது போனவள் அப்போதும் போயிருக்கலாமே.

அவர் அந்த நேரம் பார்த்துக் கீழே வந்தார். குனிந்து பார்த்து, "சூப்பரா வந்திருக்கே! அப்பா போட்ட கோடு தெரியவே இல்லை" என்றார்.

"அது மாமா போட்ட கோடு இல்லைங்க."

"பின்னே?"

சொல்லிவிட்டேன். விபூதி, குங்குமச் சிமிழ், நீங்கள் அன்றைக்கு முந்திக்கொண்டு சொன்னது, பிறகு சொல்ல வேண்டாம் என்றது, நான் அதைச் சாக்காக வைத்துக்கொண்டது எல்லாவற்றையும் ஸ்பாஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டே கொட்டிவிட்டேன். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். கத்துவார், அண்ணிக்கு போன் போடுவார், அண்ணி வந்து இறங்குவார் என்று காத்திருந்தேன். மூன்று வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தானே.

அவர் கத்தவில்லை. பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரே பகல்ல ஓட்டலாம்னுதானே சொன்னார். இந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். விபூதின்னு அன்னிக்கே சொல்லியிருந்தா சாவியைக் கொடுத்திருப்பேனே ஜோதி."

அவ்வளவுதான் சொன்னார். என் மேல் கோபம் கூட இல்லை அந்தக் குரலில். மேலே போய்விட்டார். நான் மீதிப் பாதிக்கும் பாலிஷ் போட்டேன். வேறு என்ன செய்வது, ஆள் வருகிறாரே.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இவ்வளவு பழைய வண்டியில் ஒரு கோடு கூட இல்லையே, யார் ஓட்டினது என்று கேட்டார். "எங்க அப்பா. கடைசி வரைக்கும் அவருக்குக் கண்ணு ரொம்ப ஷார்ப்" என்றார் உங்கள் பிள்ளை. சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் கேட்டைத் திறக்கப் போனார். கார் சந்து முனையில் திரும்புகிற வரை நான் பால்கனியில் நின்றேன். அண்ணியிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன். சொன்னால் தேவலை என்றுகூட இருக்கிறது எனக்கு.

மனதிலிருப்பதை இறக்கி வைத்தால் பாரம் குறையும் என்பார்களே, பொய் மாமா. நீங்கள் இருந்தபோது, சொல்லியிருந்தால் பெரிய ரகளை ஆகியிருக்கும் என்று ஒரு சமாதானமாவது இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. "கொடுத்திருப்பேனே" என்ற அந்த ஒரு சொல் அரிசி களையும்போதும் வருகிறது, கதவைத் தாழ் போடும்போதும் வருகிறது. யார் முன்னால் போய் நின்று இதற்கு மன்னிப்புக் கேட்பது? மன்னிக்கிறவர் நீங்கள் ஒருத்தர்தான். நீங்களோ அன்றைக்கே மன்னித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டீர்கள்.

எனக்கு நாலு ஏச்சு விழுந்திருக்கும், ஒரு வாரம் அழுதிருப்பேன். நீங்கள் வெளியே போய் வந்துகொண்டிருந்திருப்பீர்கள். இவ்வளவுதான் இருந்திருக்கிறது மாமா, இவ்வளவே இவ்வளவுதான்.

உங்கள்
ஜோதி